கேட் புஷ்ஷின் தொடக்ககாலப் பாடல்கள்: புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு

கேட் புஷ் (பிறப்பு: ஜூலை 30, 1958) இங்கிலாந்தைச் சேர்ந்த பாடகி, பாடலாசிரியர், இசையமைப்பாளர், இசைத்தட்டுத் தயாரிப்பாளர். இயற்பெயர் கேத்தரின் புஷ். 1978ஆம் ஆண்டு, தம் 19ஆவது வயதில், 'வதரிங் ஹைட்ஸ்' என்ற பாடலின் மூலம் பிரிட்டனின் விற்பனைத் தரவரிசையில் முதலிடம் பெற்றார். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடிய பாடலால் அந்த இடத்தை அடைந்த முதல் பெண் அவரே. இக்கட்டுரை அவருடைய முழு வாழ்க்கை வரலாறு அன்று. 1975 முதல் 1985 வரையிலான பத்தாண்டுகளில் அவர் செய்த பாடல்களையும், அவை உருவான சூழலையும், அவற்றின்மீது அவர் தமக்கென ஓர் உரிமையை நிலைநாட்டிய விதத்தையும் மட்டும் கூறுகிறது.

நான் அவரைக் கேட்கத் தொடங்கியதே 2022ஆம் ஆண்டில்தான். பேத்தி கைப்பேசியில் ஒரு பாட்டை ஒரே நாளில் பத்து முறை போட்டாள். "யாரம்மா இது?" என்றேன். "புதுசா வந்திருக்கிற ஒரு பொண்ணு, தாத்தா" என்றாள். தேடிப் பார்த்தபோது அந்தப் 'புதுப் பெண்' ஏறக்குறைய என் வயதுக்காரர் என்று தெரிந்தது. பாட்டு 1985இல் வந்தது. அப்போது நான் பி.எட். முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தேன். எங்கள் ஊர் வானொலிக்கு இந்தக் குரல் வந்து சேரவே இல்லை. எனவே இக்கட்டுரை ஒரு ரசிகருடைய நினைவுக் குறிப்பு அல்ல. மிகத் தாமதமாக வந்த ஒரு மாணவன் எழுதிய குறிப்பு என்றே கொள்ளலாம்.

பாடகர்-பாடலாசிரியர் என்றால் என்ன?

தமிழ்த் திரையிசை கேட்டு வளர்ந்த நமக்கு ஒரு பாட்டுக்கு மூன்று பேர் வேண்டும்: எழுதுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர். மேற்கத்திய பாப் இசையிலும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. குறிப்பாகப் பெண்கள் பாடுபவர்களாக மட்டுமே அறியப்பட்டார்கள். 1960களிலும் 1970களிலும் கரோல் கிங், ஜோனி மிட்செல் போன்றோர் தாங்களே எழுதித் தாங்களே பாடும் வழக்கத்தை அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிதாக்கினர். கர்நாடக இசையில் சொல்லும் இசையும் ஒருவருடையதாகவே இருந்தால் அவரை வாக்கேயக்காரர் என்போம். ஏறக்குறைய அந்தச் சொல்லே இவர்களுக்கும் பொருந்தும்.

பிரிட்டனில் ஒரு பெண், அதுவும் பள்ளியை விட்டு வெளியே வந்த ஒரு பெண், அந்த வகையில் முதலிடம் பிடிப்பதற்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பண்ணை வீடும் நாடாக்களும்

கேட் புஷ் இலண்டனின் தென்கிழக்கு எல்லையில், கென்ட் பகுதியைச் சேர்ந்த பெக்ஸ்லிஹீத்தில் பிறந்தார். குடும்பம் வெல்லிங் என்னும் ஊரில் ஈஸ்ட் விக்கம் பண்ணை என்ற பழைய பண்ணை வீட்டில் வாழ்ந்தது. தந்தை ராபர்ட் மருத்துவர், பியானோ வாசிப்பார். தாய் ஹன்னா அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் பகுதியிலிருந்து வந்த செவிலியர். அயர்லாந்து மரபு நடனம் அறிந்தவர். மூத்த அண்ணன் ஜான் கவிதை எழுதுபவர், புகைப்படக் கலைஞர். இரண்டாம் அண்ணன் பேடி பழைய இசைக்கருவிகளைச் செய்யவும் வாசிக்கவும் தெரிந்தவர். இப்படி ஒரு வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தது பெரிய கொடுப்பினை. பள்ளியில் வயலின் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் அவர் மனம் பியானோவில் இருந்தது. 11 வயதளவில் யாரும் சொல்லித்தராமலே வாசிக்கத் தொடங்கினார்; சிறிது காலத்தில் சொந்தப் பாட்டுகளும் வந்தன.

15 வயதுக்குள் 50க்கும் மேற்பட்ட பாடல்கள் சேர்ந்துவிட்டன. வீட்டிலேயே நாடாவில் பதிந்து இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். எவரும் ஏற்கவில்லை. குடும்ப நண்பர் ஒருவர் மூலம் அந்த நாடா பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மருக்குப் போனது. அவர் கேட்டார், நேரில் வந்து பார்த்தார், பிறகு தம் சொந்தச் செலவில் நல்லதொரு ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார். 1975 ஜூன் மாதம் இலண்டனின் ஏர் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஆண்ட்ரூ பவல் தயாரிப்பில், மூன்று பாடல்கள் பதியப்பட்டன. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக். பீட்டில்ஸ் குழுவின் புகழ்பெற்ற தட்டுகளில் பணிபுரிந்தவர். பாடியவருக்கு வயது 16.

அந்த மூன்றில் ஒன்று 'த மேன் வித் த சைல்ட் இன் ஹிஸ் ஐஸ்'. எழுதும்போது அவருக்கு 13 வயது என்கிறார்கள். முதன்முறை கேட்கும் யாருக்கும் நான் இந்தப் பாட்டைத்தான் முதலில் சொல்வேன். பியானோவும் நரம்புக் கருவிகளும் மட்டுமே துணைக்கு வருகின்றன. குரல் தாழ்வாக, நிதானமாக, சற்றே தயங்கித் தயங்கி வருகிறது. இரவில் கடலைப் பற்றிப் பேசும் ஒரு மனிதன். அவன் உண்மையா, கற்பனையா என்று தெரியவில்லை. அந்தச் சந்தேகத்தைப் பாட்டு தீர்த்துவைப்பதும் இல்லை. 1975இல் பதிந்த அதே குரல்தான் 1978இல் தட்டில் வெளியானது; திரும்பப் பாடி மாற்றவில்லை. 1979இல் இதன் வரிகளுக்காக ஐவர் நொவெல்லோ விருது கிடைத்தது. பள்ளிச் சிறுமி எழுதியதற்கு நாட்டின் சிறந்த பாடல்வரி விருது.

1976இல் இ.எம்.ஐ. நிறுவனம் 3,000 பவுண்டு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. இதே நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவையும் ஒப்பந்தம் செய்து, சில மாதங்களில் கைகழுவியது. இந்தப் பெண் விஷயத்தில் மட்டும் பொறுமையாக இருந்தார்கள். உடனே தட்டு போடவில்லை. அவரும் பத்துப் பாடங்களில் ஓ-நிலைத் தேர்ச்சியோடு பள்ளியை விட்டார். வந்த பணத்தில் நடனமும் ஊமைக்கூத்தும் கற்றார். ஆசிரியர் லிண்ட்சே கெம்ப்; டேவிட் போவிக்கும் கற்றுக்கொடுத்தவர். 1977இல் கே.டி. புஷ் பேண்ட் என்ற சிறு குழுவோடு இலண்டன் மதுக்கூடங்களில் பாடினார். லூயிஷமில் இருந்த 'ரோஸ் ஆஃப் லீ' அவற்றில் ஒன்று.

இங்கே ஒரு பழைய வாத்தியாரின் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பாடங்களில் தேறிய பெண் மேலே படிக்காமல் ஊமைக்கூத்து கற்கப் போகிறேன் என்றால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். என் வகுப்பிலும் ஒரு மாணவி இருந்தாள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பாட்டு எழுதுவாள், மெட்டும் அவளுடையதே. "முதலில் பரீட்சை முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்றேன். பரீட்சை முடிந்தது. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

'வதரிங் ஹைட்ஸ்': எந்தப் பாட்டு முதலில்?

எமிலி பிராண்டி எழுதிய 'வதரிங் ஹைட்ஸ்' நாவல் 1847இல், எல்லிஸ் பெல் என்ற ஆண்பெயர் போன்ற புனைபெயரில் வெளியானது. அவர் எழுதிய ஒரே நாவல் அது. மறு ஆண்டே, 30 வயதில், எமிலி இறந்தார். யார்க்ஷயர் மேட்டுநிலத்தில் நடக்கும் கதை. கேத்தரின், ஹீத்கிளிஃப் என்ற இருவரின் நிறைவேறாத, கொடுமை கலந்த காதல். கதையின் தொடக்கத்திலேயே, பனி இரவில், இறந்துபோன கேத்தரின் சன்னலுக்கு வெளியே நின்று உள்ளே விடும்படி கெஞ்சுகிற காட்சி வருகிறது. ஆங்கில இலக்கியம் படித்த நம் ஊர் மாணவர்களும் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள்.

கேட் புஷ் முதலில் நாவலைப் படிக்கவில்லை. தொலைக்காட்சியில் வந்த அதன் நாடக வடிவின் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் பார்த்திருந்தார். சன்னல், கை, குளிர் ஆகியவை மனத்தில் தங்கிவிட்டன. பிறகு நூலைத் தேடிப் படித்தார். 1977 மார்ச் மாதம் முழுநிலவு இரவொன்றில், பியானோ முன்னமர்ந்து, சில மணி நேரத்தில் பாட்டை முடித்தார். அவருக்கு 18 வயது. நாயகியின் பெயர் கேத்தரின். இவருடைய பெயரும் கேத்தரின். எமிலி பிறந்த நாளும் ஜூலை 30, இவருடையதும் அதுவே. இதைத் தற்செயல் என்று மட்டுமே சொல்ல முடியும் என்றாலும், 18 வயதில் அது சும்மா விட்டிருக்காது.

முதன்முறை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. அதை மறைப்பானேன்? குரல் அவ்வளவு உச்சத்தில், கீச்சென்று ஒலித்தது. முன்னர் சொன்ன பாட்டில் இருந்த தாழ்ந்த, மென்மையான குரல் எங்கே போயிற்று என்று தோன்றியது. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் புரிந்தது. குரல் வேண்டுமென்றே மாற்றப்பட்டிருக்கிறது. பாடுவது கேட் புஷ் அல்ல. சன்னலுக்கு வெளியே நிற்கும் ஆவி. ஆவிக்கு மனிதக் குரல் எதற்கு?

என் பாடம் ஆங்கிலம்தான். ஆனாலும் தமிழாசிரியர் விடுப்பில் போனால் அந்த வகுப்பையும் நான் எடுத்ததுண்டு. குறுந்தொகைப் பாட்டு ஒன்றை நடத்தும்போது முதலில் கேட்கும் கேள்வி, இது யார் கூற்று என்பது. தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா? அது தெரியாமல் பொருள் சொன்னால் பாட்டு தலைகீழாகிவிடும். கேட் புஷ்ஷின் பாடல்களுக்கும் இதுவே சாவி. நாவலாசிரியர் கதையை வேலைக்காரியும் விருந்தாளியும் சொல்வதாக எழுதினார். இறந்தவளுக்கு அதில் பேச இடம் குறைவு. பாட்டு அதைத் திருப்பிப் போட்டு முழுவதையும் அவள் கூற்றாக்கியது. இசையும் அதற்கு ஏற்றாற்போல் நிலைகொள்ளாமல் திரிகிறது. பல்லவியில் சுருதி இடம் மாறுகிறது. தாளம் நான்கு நான்காக ஓடாமல் இடையிடையே நழுவுகிறது. கடைசியில் இயன் பேர்ன்சனின் கிட்டார் நீண்டு ஒலித்து மெல்ல மறைகிறது.

நிறுவனத்துக்கு இந்தப் பாட்டை முதல் தனித்தட்டாக வெளியிட விருப்பமில்லை. 'ஜேம்ஸ் அண்ட் த கோல்ட் கன்' என்ற ராக் பாட்டே வழக்கமான ரசிகர்களைக் கவரும் என்று கருதினார்கள். வணிகக் கணக்கில் பார்த்தால் அதில் தவறு ஒன்றுமில்லை. 130 ஆண்டுக்கு முந்தைய நாவலின் பேயைப் பற்றி விசித்திரக் குரலில் ஒரு பாட்டு. பாடியவரை எவருக்கும் தெரியாது. நாடெங்கும் பங்க் அலை. ஆனால் இவர் விடவில்லை. 'வதரிங் ஹைட்ஸ்'தான் முதலில் வர வேண்டும் என்று வற்புறுத்தினார், நிறுவனம் இறங்கிவந்தது. 1977 நவம்பரில் வெளியிட நாள் குறித்தார்கள். அட்டைப் படம் தமக்குப் பிடிக்கவில்லை என்று அதையும் மாற்றச் சொன்னார். 19 வயதில், ஒரு தட்டுகூட வெளிவராத நிலையில்! அந்தத் தாமதம் நன்மையாகவே முடிந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் பால் மக்கார்ட்னியின் 'மல் ஆஃப் கின்டயர்' தட்டு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. அதோடு மோதியிருந்தால் இந்தப் பாட்டு கேட்பாரற்றுப் போயிருக்கக்கூடும்.

1978 ஜனவரி 20 அன்று தட்டு வெளியானது. மார்ச் மாதம் அப்பா குழுவின் பாட்டைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்து நான்கு வாரம் அங்கேயே நின்றது. 'த கிக் இன்சைட்' என்ற முழு ஆல்பம் பிப்ரவரியில் வந்தது. அதிலுள்ள 13 பாடல்களும் அவர் எழுதியவையே. முதல் பாட்டு திமிங்கிலங்களின் ஒலியோடு தொடங்குகிறது; அது நடன ஆசிரியர் கெம்ப்புக்குக் காணிக்கை. கடைசிப் பாட்டு 'லிஸி வான்' என்ற பழைய நாட்டுப்புறக் கதைப்பாடலின் துயரத்திலிருந்து பிறந்தது. அங்கும் கூற்று சாகப்போகும் பெண்ணுடையதே.

ஒரு கசப்பையும் குறிப்பிட வேண்டும். பாட்டு விஷயத்தில் விட்டுக்கொடுத்த நிறுவனம் விளம்பரத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. உடலை ஒட்டிய மேலாடையில் அவர் இருக்கும் படத்தைச் சுவரொட்டியாக்கிப் பேருந்துகளில் ஒட்டினார்கள். பாட்டு எழுதுபவர், பியானோ வாசிப்பவர் என்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று என்று அவர் பிற்காலப் பேட்டிகளில் வருந்தியிருக்கிறார்.

மேடையும் அதை விட்டதும்

இரண்டாவது ஆல்பமான 'லயன்ஹார்ட்' அதே ஆண்டு நவம்பரில் வந்தது. அவசரமாகச் செய்தது, அவருக்கே திருப்தியில்லை. புதிதாகக் கேட்பவர்கள் இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவசரப்படுத்தப்பட்ட அனுபவம் வீணாகவில்லை. தம் பாடல்களின் பதிப்புரிமைக்கும் நிர்வாகத்துக்கும் சொந்த நிறுவனங்களை அமைத்துக் குடும்பத்தாரையும் அவற்றில் அமர்த்திக்கொண்டார். இதைப் பலர் கவனிப்பதில்லை. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுவே அடித்தளம்.

1979 ஏப்ரல், மே மாதங்களில் ஒரே ஒரு இசைச் சுற்றுப்பயணம் செய்தார். 20க்கும் மேற்பட்ட பாடல்கள். ஒவ்வொன்றுக்கும் வேடம், நடனம், காட்சியமைப்பு. கையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஆட முடியாது. எனவே ஒலிப் பொறியாளர் சட்டை மாட்டும் கம்பியை வளைத்து, தலையில் அணியும் ஒலிவாங்கி ஒன்றைச் செய்தார். இன்று எந்த மேடையிலும் சாதாரணமாகக் காணும் அந்தக் கருவியின் முன்னோடிகளில் ஒன்று அது.

பயணம் துயரத்தோடுதான் தொடங்கியது. பூல் நகரில் நடந்த முன்னோட்ட நிகழ்ச்சி முடிந்த இரவில், விளக்கமைப்புக் குழுவைச் சேர்ந்த 21 வயது இளைஞர் அரங்கில் தவறி விழுந்து இறந்தார். நிகழ்ச்சிகளை நிறுத்துவதா என்று யோசித்து, பின் தொடர்ந்தார்கள். மே 12 அன்று இலண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனில் அவர் குடும்பத்துக்காக ஒரு நிதி நிகழ்ச்சி நடந்தது. பீட்டர் கேப்ரியல், ஸ்டீவ் ஹார்லி இருவரும் வந்து பாடினார்கள். அதன்பின் கேட் புஷ் முழுநீள மேடை நிகழ்ச்சி நடத்த 35 ஆண்டுகள் ஆயின. 2014இல் அதே அரங்கில் 22 நிகழ்ச்சிகள் அறிவித்தபோது நுழைவுச்சீட்டுகள் சில நிமிடங்களில் தீர்ந்தன. ஏன் மேடையை விட்டார் என்பதற்குப் பலரும் பல காரணம் எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்றும் சேர்க்க விரும்பவில்லை.

யார் யார் குரலிலோ

1980 செப்டம்பரில் 'நெவர் ஃபார் எவர்' வந்தது. பிரிட்டனின் ஆல்பம் தரவரிசையில் முதலிடம் பெற்ற முதல் பிரிட்டிஷ் தனிப்பெண் கலைஞர் என்ற பெயரை இது அவருக்குப் பெற்றுத்தந்தது. தயாரிப்பிலும் இப்போது அவருக்குப் பங்கு உண்டு. பீட்டர் கேப்ரியலிடம் கண்ட ஒரு புதிய கருவியும் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவி அது. எந்த ஒலியையும் பதிந்து, விசைப்பலகையில் சுரமாக வாசிக்கலாம். 'பபூஷ்கா' பாட்டில் கண்ணாடி உடையும் ஒலி அப்படி வந்ததே. துப்பாக்கியைத் தயாராக்கும் 'கிளிக்' ஒலி 'ஆர்மி டிரீமர்ஸ்' பாட்டில் தாளமாகவே வருகிறது.

'ஆர்மி டிரீமர்ஸ்' தாய் கூற்று. பட்டாளத்துக்குப் போன மகன் பிணமாகத் திரும்புகிறான். மூன்று தட்டுத் தாளத்தில், தாலாட்டுப் போல, சற்றும் கத்தாமல் பாடப்படுகிறது. தாய் அயர்லாந்துக்காரி என்பது உச்சரிப்பில் தெரிகிறது. தம் தாயின் ஊர்ப் பேச்சை அவர் இங்கே எடுத்துக்கொண்டார். என்ன ஆகியிருக்க வேண்டியவன், எதுவும் ஆவதற்குள் போய்விட்டான் என்று அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறாள். நாட்டின் பெயர் இல்லை, போரின் பெயர் இல்லை. அதே ஆல்பத்தின் 'பிரீதிங்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அணுகுண்டு வெடித்தபின் தாயின் வயிற்றுக்குள்ளிருந்து, அவள் சுவாசிக்கும் நச்சைத் தானும் சுவாசிக்கும் சிசுவின் கூற்று. அமெரிக்க-சோவியத் ஏவுகணைப் போட்டி உச்சத்திலிருந்த காலம் என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும். வரலாற்றுப் பாடத்தில் பனிப்போர் என்ற சொல்லை மனப்பாடம் செய்யும் மாணவர்களுக்கு இந்த ஐந்து நிமிடம் வேறொன்றைச் சொல்லித் தரும்.

1982இல் வந்த 'த டிரீமிங்' முழுக்க முழுக்க அவரே தயாரித்தது. வியட்நாம் காட்டில் அமெரிக்கச் சிப்பாயைப் பதுங்கிப் பார்க்கும் வியட்நாமியப் போராளியின் கூற்று ஒரு பாட்டு. மாயவித்தைக்காரர் ஹூடினியின் மனைவி கூற்று இன்னொன்று. அந்த மனைவியின் கதறலுக்குக் குரல் கரகரக்க வேண்டும் என்று, தொண்டையில் கோழை கட்டும்படி பாலும் சாக்லேட்டும் நிறைய உட்கொண்டு பாடினாராம். குரலைக் காக்கத் தேனும் மிளகும் தேடும் பாடகர்களை நாம் அறிவோம். கெடுத்துக்கொள்ள மெனக்கெட்டவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஆல்பம் மூன்றாம் இடம் வரை போனது. ஆனால் தனித்தட்டுகள் படுத்துவிட்டன. ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டே 48ஆம் இடத்தோடு நின்றது. ஒலிப்பதிவுக் கூட வாடகை வேறு ஏறிக்கொண்டே போனது. நிறுவனத்தின் முகம் சுருங்கியது. எனக்கும் இந்த ஆல்பம் இன்னும் முழுதாகக் கைவசமாகவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை குரல்! ஆனால் மீண்டும் மீண்டும் போய்க் கேட்பதும் இதைத்தான்.

களஞ்சியத்தில் ஒரு கூடம்

அவர் செய்த பதில் வியப்பானது. நகரத்தை விட்டார். பெற்றோரின் பண்ணையில் இருந்த பழைய களஞ்சியத்தில் சொந்த ஒலிப்பதிவுக் கூடம் கட்டிக்கொண்டார். சிறுமியாக இருந்தபோது ஒரு பழைய ஆர்கனில் விரல் பழகிய இடமும் அந்தப் பண்ணையே. மணிக்கணக்கில் வாடகை ஓடாத இடத்தில், கடிகாரத்தைப் பார்க்காமல் வேலை நடந்தது. மூன்று ஆண்டுகளாக ஆல்பம் இல்லை. பத்திரிகைகள் அவரை மறக்கத் தொடங்கின.

1985 ஆகஸ்டில் 'ரன்னிங் அப் தட் ஹில்' வெளியானது. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியாமல் நோகடிக்கிறார்கள். கடவுளோடு ஓர் உடன்படிக்கை செய்து இருவரும் இடம் மாறிக்கொள்ள முடிந்தால் எப்படியிருக்கும் என்பதே பாட்டு. அதனால் அவர் வைத்த தலைப்பு 'அ டீல் வித் காட்', அதாவது கடவுளோடு ஓர் உடன்படிக்கை. நிறுவனம் அஞ்சியது. தலைப்பில் கடவுள் பெயர் இருந்தால் இத்தாலி, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, அயர்லாந்து முதலிய நாடுகளின் வானொலிகள் ஒலிபரப்பாமல் விடலாம் என்றார்கள். முந்தைய ஆல்பம் சரியாக விற்கவில்லை. மூன்று ஆண்டு உழைப்பு முன்னால் இருந்தது. இந்த முறை அவர் விட்டுக்கொடுத்தார். 19 வயதில் அட்டைப் படத்துக்குக்கூட இணங்காதவர், 27 வயதில் தலைப்பையே மாற்ற இணங்கினார். பிற்காலத்தில் இதைத் தாம் செய்த சமரசம் என்றே சொன்னார்.

பாட்டு மூன்றாம் இடம் பெற்றது. செப்டம்பரில் வந்த 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' ஆல்பம் மடோனாவின் 'லைக் எ வெர்ஜின்' ஆல்பத்தை இறக்கிவிட்டு முதலிடம் பெற்றது. இந்த ஆல்பத்தைப் பாட்டுப் பாட்டாகப் பிரித்துக் கேட்கக் கூடாது. இசைத்தட்டின் முதல் பக்கம் தனித்தனிப் பாடல்கள். அதில் 'கிளவுட்பஸ்டிங்' ஒரு மகன் கூற்று; மழை வரவழைக்கும் கருவி செய்த தன் தந்தையை அதிகாரிகள் பிடித்துச் செல்வதைக் கண்ட சிறுவன். வில்ஹெல்ம் ரைக் என்ற உளவியலாளரின் மகன் பீட்டர் எழுதிய நூலிலிருந்து வந்தது. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே கதை: இரவில் கடலில் தனியாக மிதக்கும் பெண், தூங்கிவிடாமல் விடியும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது. ஏழு பாடல்கள், ஒரே மூச்சு. விளக்கை அணைத்துவிட்டு, காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்கும்படி பேத்தி சொன்னாள். சொன்னபடி செய்தேன். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

37 ஆண்டுகளுக்குப் பிறகு

2022 மே 27 அன்று 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் நான்காம் பருவம் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. 1980களில் நடக்கும் அந்தக் கதையில், தன் துயரத்தில் மூழ்கிப்போகும் ஒரு பெண்ணை இந்தப் பாட்டே மீட்டுக் கொண்டுவருகிறது. சில நாட்களில் உலகெங்கும் கைப்பேசிகளில் பாட்டு ஒலித்தது. பிரிட்டனின் தரவரிசையில் பழைய பாடல்களின் கணக்கைக் குறைத்து எடுக்கும் விதி ஒன்று உண்டு. இந்தப் பாட்டுக்கு அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஜூன் 17 அன்று, வெளியாகி 37 ஆண்டுகளுக்குப் பிறகு, 'ரன்னிங் அப் தட் ஹில்' முதலிடம் வந்தது. ஒரு பாட்டு முதலிடத்தை எட்ட எடுத்துக்கொண்ட மிக நீண்ட காலம் அது. அவருடைய முந்தைய முதலிடப் பாட்டுக்கும் இதற்கும் இடையில் 44 ஆண்டுகள், அதுவும் 2022இல் சாதனையாக இருந்தது. முதலிடம் பெற்றபோது அவருக்கு வயது 63. அமெரிக்காவில் 1985இல் 30ஆம் இடத்தைத் தாண்டாத பாட்டு, இம்முறை மூன்றாம் இடம் வரை ஏறியது. மறு ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

கேட் புஷ் மேடையேறவில்லை. தம் இணையதளத்தில் இளையோருக்கு நன்றி எழுதியதோடு சரி.

பேத்தியின் கைப்பேசித் திரையில் பாட்டின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. ஆல்பத்தில் அச்சிட்டபடியே, தனித்தட்டுக்காக மாற்றிய பெயருக்குப் பின்னால், பிறைக்குறிக்குள் அவர் முதலில் வைத்த தலைப்பும் இருந்தது. "இதென்ன தாத்தா, ஒரே பாட்டுக்கு ரெண்டு பேரு?" என்று கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, 1978லிருந்து தொடங்கினேன்.